கரையில் விளையும் மீன்

மே மாதக் கடைசி. இரண்டு நாள் கொட்டிய மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலை. ஆரியங்கோட்டில் மாமா வீட்டின் பின்புறம், ரப்பர் மரங்களுக்குக் கீழே இறங்கிப் போகும் சரிவில் நின்றிருந்தோம். காலடியில் ஓடை. அகலம் மூன்று மீட்டர்கூட இராது. மலையாளத்தில் இதைத் தோடு என்பார்கள். எல்லைக்கு இப்பால் எங்கள் விளவங்கோட்டுத் தமிழிலும் அந்தச் சொல் உண்டு. இந்தத் தண்ணீர் வளைந்து வளைந்து போய் நெய்யாற்றில் சேருகிறது.

ஓடையின் மேல்பகுதியில், பக்கத்து வீட்டுக்காரரின் எல்லை வரை, புதிதாகக் கருங்கல் சுவர் எழுந்திருக்கிறது. இரு பக்கமும் செங்குத்தாக, அளந்து வைத்த மாதிரி. மாமாவின் எல்லை தொடங்கும் இடத்தில் சுவர் நின்றுவிடுகிறது. அங்கிருந்து கீழே பழைய கோலம்தான்: கைதைப் புதர், ஒரு சாய்ந்த புன்னை, இரண்டு புங்கு, பெயர் தெரியாத செடிகொடிகள். கைதை என்பது தாழை. அதன் விழுதுகள் கரையிலிருந்து நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும்.

அடுத்த கட்டமாக மாமாவின் பகுதியிலும் சுவர் கட்ட ஆள் வந்து கேட்டிருக்கிறார்கள். சம்மதக் கடிதம் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைக்கப்பட்டிருந்தது.

“மக்ளே, நீ இதெல்லாம் எழுதுறவன்தானே. சொல்லு, ஒப்பு போடவா வேண்டாமா?” என்றார் மாமா. ஒப்பு என்றால் கையெழுத்து.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. “மாமா, ஒரு துவர்த்து இருந்தா எடுங்க” என்றேன்.

சிறுவயதில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் செய்ததுதான். துவர்த்தின் நான்கு முனைகளை இருவர் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தாழ்த்தி, சட்டென்று தூக்குவது. முதலில் சுவருக்கு நடுவே இறங்கினோம். ஐந்தாறு முறை தூக்கியதில் மூன்று கெண்டைக் குஞ்சுகள். பிறகு கைதை வேர்களுக்கு அடியில் துவர்த்தைச் செருகி, காலால் வேரை உலுக்கித் தூக்கினோம். முதல் தடவையே துணி துள்ளியது. அயிரை நாலைந்து, நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த மானத்துக்கண்ணிகள், ஒரு பள்ளத்தி, விரல் நீள வரால் குஞ்சு ஒன்று, எண்ண முடியாத கூனி இறால்கள். எல்லாவற்றையும் திரும்ப விட்டுவிட்டோம்.

இது ஆராய்ச்சி அல்ல. ஒரு காலையில் இரண்டு பேர் ஒரு துணியால் கண்டது, அவ்வளவுதான். ஆனால் ஒரே ஓடையில், இருபது அடி இடைவெளியில், ஒரே தண்ணீரில் இத்தனை வேறுபாடு ஏன் என்ற கேள்வி, உலகின் பல மூலைகளில் பலர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கேள்வி. அவர்கள் கண்டதைத் தொகுத்துச் சொன்னால் இப்படி வரும்: மீன் வாழ்வது தண்ணீரில் என்றாலும், அது உருவாவது பெருமளவு கரையில்தான்.

முதலில் வேர். மழைக்காலத்தில் இந்தச் சின்ன ஓடையில்கூட வெள்ளம் சீறிக்கொண்டு வரும். ஒரு விரல் நீளக் குஞ்சால் அதை எதிர்த்து நீந்த முடியாது. விழுதுகளுக்கு இடையில் நீரின் வேகம் தணிகிறது. குஞ்சு அங்கே ஒதுங்கி நிற்கிறது. வேருக்குக் கீழே மண் அரித்துப் போன இடத்தில் சிறு குகை போல் பள்ளம் உண்டாகிறது. அதில் வரால் பதுங்குகிறது. கரை மரம் ஒன்று சாய்ந்து விழுந்தால் அதன் மேல்புறம் நீர் தேங்கி மடுவாகிறது, கீழ்ப்புறம் விழுந்தோடிச் சரளையைக் கழுவுகிறது. ஆழமும் ஆழமின்மையும், வேகமும் மந்தமும் அடுத்தடுத்துக் கிடக்கிற ஓடையில்தான் பல வகை மீன்களுக்கு இடம் உண்டு. கோடையில் ஓடை இளைக்கும்போது கடைசிவரை நீர் நிற்பதும் அந்த மடுக்களில்தான். சுவருக்கு நடுவே ஓடும் நீருக்கு ஒரே ஆழம், ஒரே வேகம். அது வாய்க்கால்.

அடுத்து நிழல். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். அதே சமயம், சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது. பெரிய ஆற்றுக்குக் கரை மரத்தின் நிழல் ஓரத்தில் மட்டும்தான் விழும். மூன்று மீட்டர் ஓடைக்கோ இரு கரை மரங்களும் கூரையே போட்டுவிடுகின்றன. ஆகவே கரையை வெட்டினால் முதலில் அடிபடுவது சிற்றோடைதான்.

மூன்றாவது உணவு. இதுதான் பலருக்கும் வியப்பளிக்கும். நிழல் அடர்ந்த ஓடையில் பாசி அதிகம் வளராது. பிறகு அங்கே எல்லோரும் எதைத் தின்கிறார்கள்? இலையை. உதிர்ந்த இலை நீரில் ஊறி, அதில் பூஞ்சை படர்ந்து, பதமாகிறது. அதைப் பூச்சிப் புழுக்களும் கூனியும் நண்டும் கடித்துத் துணுக்காக்குகின்றன. அந்தத் துணுக்கை வடிகட்டித் தின்ன வேறு புழுக்கள்; அவற்றைத் தின்ன மீன்கள். காட்டில் விழுந்த இலை இப்படித்தான் மீனாகிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கௌவீட்டா என்ற மலைக்காட்டில் புரூஸ் வாலஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு சிற்றோடைக்கு மேலே வலை கட்டி, மூன்று ஆண்டுகள் இலை விழாமல் தடுத்தார்கள். தண்ணீர் மாறவில்லை, இலை மட்டும் நின்றது. ஓடையின் அடியில் வாழ்ந்த பூச்சிகள் பெருமளவு குறைந்தன. அவற்றைத் தின்று வாழ்ந்த பூச்சிகளும் குறைந்தன. 1997இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான இந்த ஆய்வு ஓடையியலில் ஒரு மைல்கல்.

இலை மட்டுமல்ல, எறும்பும் விழுகிறது. வெட்டுக்கிளி, கம்பளிப் புழு, வண்டு, சிலந்தி என்று கரைக் கிளைகளிலிருந்து ஓயாமல் ஏதாவது தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கிறது. மானத்துக்கண்ணியின் பெயரே இதற்குச் சாட்சி. வானத்தைப் பார்க்கும் கண் உடையது என்று பொருள். நீரின் மேல்மட்டத்தில் மிதந்தபடி, மேலிருந்து விழுவதற்காகக் காத்திருக்கும் மீன் அது. நீரில் மிதக்கும் கொசுப்புழுவையும் விடாது.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஹொரோனாய் என்ற ஓடை இருக்கிறது. ஷிகேரு நகானோ என்ற ஆய்வாளர் அந்த ஓடையின் சில பகுதிகளைப் பசுமைக்குடில் போன்ற கூடாரங்களால் மூடினார். மேலிருந்து பூச்சி விழுவது நின்றது. பசித்த மீன்கள் ஓடையின் அடியில் இருந்த பூச்சிகள் மீது பாய்ந்தன. அந்தப் பூச்சிகள்தான் பாசியை மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்தவை. அவை குறையவே கற்களில் பாசி பெருகிவிட்டது. கரையிலிருந்து வந்த எறும்பை நிறுத்தியதற்கு ஓடையின் அடியில் கிடந்த கல்லில் விளைவு தெரிந்தது. 1999இல் வெளிவந்தது இந்த ஆய்வு. 2001இல் வெளிவந்த இன்னொரு கட்டுரையில், அந்த ஓடை மீன்களின் ஆண்டு உணவில் 44 விழுக்காடு கரையிலிருந்து விழும் உயிர்கள் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். மறுபக்கக் கணக்கும் உண்டு: ஓடையில் பிறந்து இறக்கை முளைத்துப் பறக்கும் பூச்சிகள், கரைக் காட்டுப் பறவைகளின் உணவில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடக்கிறது. அந்தக் கட்டுரை வெளியாகும் முன்பே, 2000 மார்ச்சில், கலிபோர்னியா வளைகுடாவில் நடந்த படகு விபத்தில் நகானோ இறந்துபோனார்.

ஹொக்கைடோவின் குளிர் ஓடையும் நம் ஓடையும் ஒன்றல்ல. மீன்கள் வேறு, மரங்கள் வேறு, மழை வேறு. ஆனால் நம் பக்கத்து ஆய்வுகளும் மீனின் இருப்பிடத்தையே சுட்டுகின்றன. இலங்கையின் மழைக்காட்டு ஓடைகளைப் பற்றி பீட்டர் மாய்லும் ரணில் சேனநாயக்கவும் 1984இல் எழுதினார்கள். ஒரே ஓடையில் பல வகை மீன்கள் சண்டையின்றி வாழ்வது எப்படி என்பதுதான் கேள்வி. ஒன்று மேல்மட்டத்தில் பூச்சி தின்கிறது, ஒன்று அடியில் கல்லைச் சுரண்டுகிறது, ஒன்று ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது. இருக்கும் இடத்தையும் உணவையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம் ஆழ்வார்குறிச்சியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த எம். அருணாசலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பத்து ஓடைகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட நீண்ட கட்டுரையும், எந்த மீன் எந்த வகை நீரில் எப்படி அமைகிறது என்பதைத்தான் விரிவாகப் பதிவு செய்தது. இடங்கள் பலவாக இருந்தால் பங்கு போடலாம். ஓடையை ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் பங்கு போட என்ன இருக்கிறது?

உலகச் சந்தையில் ‘மிஸ் கேரளா’ என்று புகழ்பெற்ற அலங்கார மீனைப் பலர் கண்ணாடித் தொட்டியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளி உடம்பில் சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஓடும். கேரளத்தில் அச்சன்கோவில், சாலியாறு போன்ற ஆறுகளின் மேல்பகுதியில், கரையிலிருந்து செடிகள் கவிந்து கிடக்கும் பாறை மடுக்களில் கூட்டமாகத் திரிவது. அழிவின் விளிம்பை நெருங்கும் இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வகைப்படுத்தியிருக்கிறது. அதை வலையில் பிடித்து விற்பதைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் பிடிப்பதை அடியோடு நிறுத்தினாலும், கவிந்து கிடக்கும் அந்தக் கரை போய்விட்டால் மீன் எங்கே போகும்?

திரும்பவும் ஆரியங்கோட்டுக்கு வருவோம். இங்கே கரை எப்படி இருந்தது, எப்படி மாறியது என்பது மாமா தலைமுறைக்கு மனப்பாடம்.

அவர் சிறுவனாக இருந்தபோது தோட்டின் இரு பக்கமும் கைதைதான். யாரும் அதை இயற்கைக்காக வளர்க்கவில்லை, பாய்க்காக வளர்த்தார்கள். கைதை ஓலையை அறுத்து, ஓரத்து முள்ளைக் களைந்து, காயவைத்து, கீறி, பெண்கள் பாய் முடைவார்கள். தழைப்பாய் என்று கேரளத்தில் பெயர். கரையைக் காக்கும் வேலியே வீட்டுக்கு வருமானமாகவும் இருந்ததால் அதை வெட்டுவாரில்லை. ஓலையை மட்டும் அறுப்பார்கள், தூர் நிற்கும். பிறகு பிளாஸ்டிக் பாய் வந்தது. மாமியின் தாயோடு அவர்கள் வீட்டில் முடைவது நின்றது. ஓலைக்கு விலையில்லாமல் போனதும் கைதை வெறும் முள்புதர் ஆகிவிட்டது. பாம்பு இருக்கும், குழந்தைகள் இறங்கினால் கிழிக்கும் என்று வெட்டத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டு ஓடைக்கரையில் இருந்ததை என் அப்பா வெட்டியபோது நானும் கூடமாட நின்று இழுத்துப் போட்டிருக்கிறேன்.

வெட்டிய இடத்தில் ரப்பர் இன்னும் ஒரு வரிசை கீழே இறங்கியது. ரப்பரும் மரம்தானே என்று கேட்கலாம். நிழல் தரும், உண்மைதான். ஆனால் அது டிசம்பர், ஜனவரியில் ஒரே மூச்சில் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கும். பல வகை மரம் நிற்கும் கரையில் ஒன்று மாசியில் உதிர்க்கும், ஒன்று ஆடியில் உதிர்க்கும். ஓடைக்கு ஆண்டு முழுவதும் சாப்பாடு வந்துகொண்டிருக்கும். தவிர, சரிவில் நிற்கும் ரப்பருக்கு அடியில் களையெடுத்துத் தரையைச் சுத்தமாக வைத்திருந்தால், முதல் மழையிலேயே மேல்மண் ஓடைக்கு வந்து சேரும். இடையில் புதர் இருந்தால் அந்த மண்ணையும் அதோடு வரும் உரத்தையும் ஓரளவு வடிகட்டியிருக்கும். வடிகட்ட ஆளில்லாத சேறு, சரளைக் கற்களின் இடுக்கை அடைக்கிறது. அந்த இடுக்குகள்தான் பல மீன்களின் முட்டைக்கும் பூச்சிப் புழுக்களுக்கும் வீடு.

கரையில் பிடிப்பு போனதும் மண் சரிந்தது. சரியும் கரைக்கு மருந்தாகச் சுவர் வந்தது. பெரிய ஆறுகளில் இதோடு மணல் வாரலும் சேர்ந்துகொண்டது. நெய்யாற்றிலும் மணல் எடுத்த இடங்களில் ஆறு ஆழமாகிக் கரைகள் இடிந்தன. 2001இல் கேரள அரசு ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் வாரலை ஒழுங்குபடுத்தவும் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

சுவர் கேட்பவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் இங்கே நிலம் சென்ட் கணக்கு. பத்து சென்ட் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு மழையிலும் ஓர் அடி இடிந்து போனால் வயிறு எரியும். 2018 வெள்ளத்தைக் கண்ட மாநிலம் இது. தண்ணீர் என்றால் பயம் வந்திருப்பதில் வியப்பில்லை. மாமாவின் மாட்டுத் தொழுவமே ஓடையிலிருந்து பத்தடியில்தான் இருக்கிறது. போன மழையில் தொழுவத்து மூலையில் மண் பிளந்து நிற்பதை எனக்குக் காட்டினார்.

ஆனால் சுவரின் கணக்கில் சில வரவுசெலவுகள் விட்டுப்போகின்றன. சுவருக்குள் நீர் தடையின்றி ஓடுவதால் வேகம் கூடுகிறது. அந்த வேகம், சுவர் முடிகிற இடத்தில் அடுத்தவர் கரையை இடிக்கிறது. மாமாவின் தொழுவ மூலை பிளந்ததற்கும் மேலே எழுந்த சுவருக்கும் தொடர்பு இருக்கலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ நான் கட்டினா, கீழே இருக்கிறவனுக்கு இதே கதிதானா?” என்றார்.

கொசுவைப் பற்றி மாமி கேட்டார்கள். புதர் இருந்தால் டெங்கு வருமாமே? டெங்குக் கொசு ஓடும் நீரில் முட்டையிடுவதில்லை. சிரட்டை, டயர், பால்வெட்டு முடிந்ததும் மரத்திலேயே விட்டுவிட்ட ரப்பர் கப் என்று தேங்கிய கொஞ்சம் நீர்தான் அதற்குத் தேவை. புதர் ஓரத்து மானத்துக்கண்ணி கொசுப்புழுவைத் தின்னும் மீன் என்பதையும் சொன்னேன். பாம்பு? அது உண்மை. புதர் இருந்தால் பாம்பும் இருக்கும். தண்ணீர் எடுக்கவும் துணி துவைக்கவும் இறங்கும் படித்துறையைச் சுற்றிச் சுத்தமாக வைத்துக்கொண்டு மற்ற இடத்தை விடலாம். அதற்கு மேல் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

சுவர் கட்டினால் மீனே இல்லாமல் போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. சில மீன்கள் இருக்கும். சில பெருகவும் செய்யும். எவை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலாப்பியா, முட்டையையும் குஞ்சையும் தன் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். கொசு ஒழிப்புக்கென்று கொண்டுவரப்பட்ட கம்பூசியா நேராகக் குட்டியே போட்டுவிடும். தொட்டிலைத் தன்னோடு தூக்கிச் செல்லும் இந்த மீன்களுக்கு வேர் வேண்டாம், புதர் வேண்டாம். நம் பள்ளத்தி அப்படியல்ல. நீரில் மூழ்கிய வேரிலோ குச்சியிலோ கல்லிலோ முட்டையை ஒட்டவைத்துக் காவல் நிற்கும். வரால் ஓரத்துச் செடிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக் கூடு கட்டும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் கண்ணும் கருத்துமாக மேய்க்கும். கரை என்பது இவற்றின் பிரசவ அறை. அதைக் கல்லால் மூடினால் ஓடையில் மீன் இருக்கும். ஆனால் நம் ஓடையின் மீன் இராது.

நெய்யாறு மொத்தம் 56 கிலோமீட்டர்தான். அகத்திய மலையில் பிறந்து பூவாறு அருகே கடலில் சேர்கிறது. இந்தச் சிறிய ஆற்றின் நீரைப் பற்றி இரு மாநிலங்களும் பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. அணையின் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோடு தாலுகாவுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004இல் நின்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கின் நியாயம் தனி. என் கவலை வேறு. எத்தனை கனஅடி நீர் என்று கேட்கிறோம். அந்த நீர் எந்தக் கரைகளுக்கு நடுவே ஓடுகிறது என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் கேட்பதில்லை, அந்தப் பக்கமும் கேட்பதில்லை. ஆற்றின் பெயரால் அமைந்த பெரிய ஊருக்கு நம் முன்னோர் நெய்யாறு என்று மட்டும் பெயர் வைக்கவில்லை. நெய்யாற்றின்கரை என்று வைத்தார்கள். வயல்நில ஒழுக்கத்துக்கே ஆற்றங்கரை மரமான மருதத்தின் பெயரைத் தந்த மொழி நம்முடையது.

கேரளத்தில் ஓடைகளை மீட்கும் முயற்சி நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2016இல் தொடங்கிய ஹரித கேரளம் இயக்கம், 2019இல் ‘இனி ஞான் ஒழுகட்டே’, அதாவது ‘இனி நான் ஓடட்டும்’ என்ற பெயரில் தோடுகளைச் சுத்தம் செய்யும் வேலையை ஊர் ஊராக எடுத்துச் சென்றது. ஊரக வேலைத் திட்டத்தில், கருங்கல்லுக்குப் பதிலாகக் கயிறு பூவஸ்திரம், அதாவது தேங்காய் நார்க் கயிற்றால் நெய்த வலை விரிப்பு, பல ஊர்களில் ஓடைக்கரைகளில் விரிக்கப்பட்டது. சரிவில் அதை விரித்து முளையடித்து, இடையில் புல்லோ செடியோ நட்டால், சில ஆண்டுகளில் கயிறு மக்கிப்போகும். அதற்குள் வேர் கரையைப் பிடித்திருக்கும். கல்சுவர் கட்டிய நாளிலிருந்து பலவீனமாகிக்கொண்டே போகும். வேர் நட்ட நாளிலிருந்து பலப்பட்டுக்கொண்டே போகும். நடாமல் விட்டால் மட்டும் கயிறு மக்கியதும் கரை பழையபடி மொட்டையாக நிற்கும்.

சுத்தம் செய்வதிலும் ஒரு கவனம் தேவை. பிளாஸ்டிக்கையும் கோழிக் கழிவையும் அள்ளுவது ஒன்று. இயந்திரத்தை இறக்கி இரு கரையையும் வழித்தெடுப்பது வேறொன்று. சாய்ந்த கிளை, தொங்கும் வேர், ஓரத்துப் பாசி எல்லாம் குப்பையின் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன. பாலத்தையோ மதகையோ அடைக்கிற மரத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும். யாருக்கும் இடைஞ்சலில்லாமல் கிடக்கும் மரத்தை அப்படியே விடலாம்.

எவ்வளவு அகலத்துக்குக் கரையை விட வேண்டும்? வெளிநாட்டுக் கையேடுகள் 10 மீட்டர், 30 மீட்டர் என்று சொல்லும். பத்து சென்ட்காரரிடம் அதைச் சொன்னால் சிரிப்பார். ஆனால் சிற்றோடை நம்மிடம் அவ்வளவு கேட்கவில்லை. இரண்டு மீட்டர் விட்டாலும் வேர் கிடைக்கும், நிழல் கிடைக்கும், இலையும் எறும்பும் விழும். மேலிருந்து வரும் மண்ணை முழுவதும் வடிகட்ட அது போதாதுதான். இருந்தாலும் சுவரோடு ஒப்பிட்டால் அந்த இரண்டு மீட்டர் பெரிய விஷயம்.

இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்து மாமாவிடம் சொன்னேன். இத்தனை வரிசையாக அல்ல. அவர் குறுக்கே கேட்கக் கேட்க. கடைசியில் அவர் எழுந்து போய்க் கடிகாரத்துக்குப் பின்னாலிருந்த காகிதத்தை எடுத்தார். கண்ணாடியைப் போட்டு இன்னொரு முறை வாசித்தார்.

“தொழுவத்து மூலையில மட்டும் கல்லு வைக்கச் சொல்லுதேன். அது வச்சே ஆகணும். மாடு நிக்குத இடம். மிச்சத்துக்கு அந்தக் கயறு வலை தருவானுவளான்னு கேக்கேன்” என்றார்.

“கைதை?” என்றேன்.

“அது நிக்கட்டு. மேலே பக்கத்து வீட்டுக்காரனுக்கு வேணும்னா நாலு கன்னு பிரிச்சுக் கொடுப்போம். சுவரு முடியுத இடத்துல அவன் நட்டாக்க எனக்கும் நல்லது.”

கைதையை அடியில் முளைக்கும் கன்றைப் பிரித்து நடலாம். ஈரக்கரையில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். அன்று மாலையே வெட்டுக்கத்தியோடு இறங்கினோம். நான்கு கன்று எடுப்பதற்குள் இருவர் கையிலும் முள் கிழித்துவிட்டது. கன்றைப் பிடுங்கிய இடத்தில் நீர் கலங்கிச் சேறானது. கொஞ்ச நேரத்தில் கலங்கல் தெளிந்தபோது அயிரைகள் அந்தக் குழியை மொய்க்கத் தொடங்கியிருந்தன.